பாதிச் சொல்

தண்ணீர் ஏற்று நிலையத்தின் மதிலை ஒட்டி, ஊழியர்களுக்காகக் கட்டிய ஓட்டு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. கடைசி வீடு பம்ப் ஆபரேட்டருடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஆனால் தும்மல் கேட்ட ஞாபகம் எங்களுக்குக் குறைவு. கேட்டதெல்லாம் ஆபரேட்டர் மனைவியின் பேச்சுதான்.

கடைத்தெரு முனையில் இருந்த ரொட்டிக் கடையில் அவளுக்கு வேலை. அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்து அடுக்குவது, ரொட்டியை வில்லை போடுவது, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது. கை ஓடும்போதே வாயும் ஓடும். "உங்க மாமியாருக்குப் பல்வலி தேவலையா? அப்போ ஓரத்தை வெட்டிட்டுத் தர்றேன், மெத்துனு இருக்கும்" என்று, வரிசையில் நிற்பவர்களின் வீட்டுச் சமாச்சாரத்தையும் ரொட்டியோடு சேர்த்துச் சுற்றிக் கொடுப்பாள். வானொலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதையாவது திருகி அணைச்சுடலாம். என்னை எப்படி அணைப்பீங்க?" என்றாள். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் அவள் வானொலியக்கா.

ஆபரேட்டர் நேர்மாறு. வாயைத் திறந்தால் ஈ புகுந்துவிடும் என்று பயப்படுகிறவர்போல இருப்பார். வேலை முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியபடி, "இன்னைக்கு ரெண்டாவது மோட்டாரு..." என்று ஆரம்பிப்பார்.

"சூடாயிடுச்சு, நிறுத்திப் போட்டீங்க, இன்ஜினியர் வந்து கத்தினாரு, அதானே? கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்று அவள் முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே முடிப்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் கை கழுவப் போய்விடுவார். அந்த வீட்டுக்கு ஒரு வாய் போதுமாக இருந்தது.

அவருடைய வேலையும் அவருக்கேற்ற வேலைதான். மோட்டாரை ஓடவிட்டு, பெரிய வால்வின் சக்கரத்தைச் சுற்றித் திறந்துவிட்டால், மேட்டிலிருக்கும் தொட்டி நிறைகிற வரைக்கும் செய்ய ஒன்றும் இருக்காது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் மாறினால் எழுந்து போக வேண்டும். மாறாதவரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நிலையத்து லைன்மேனும் அவரும் செஸ் ஆடுவார்கள். லைன்மேன் கம்பத்தில் ஏறினால் அணில். பலகை முன் உட்கார்ந்தால் ஆமை. ஒரு காயைத் தொடுவான், எடுக்கமாட்டான், கையை இழுத்துக்கொள்வான், கூரையைப் பார்ப்பான், பீடி தேடுவான். பார்க்கிற எங்களுக்குத்தான் பொறுக்காது. ஆபரேட்டர் முகத்தில் ஒரு சுளிப்பும் வராது.

"எப்படிண்ணே பொறுமையா இருக்கீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் யோசிக்கிறது அவன் பாடு. நாம அவசரப்பட்டா அவன் ஆட்டத்தையும் நாமளே ஆடின மாதிரி ஆயிடும்" என்றார். அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஒருநாள் முற்பகலில் ரொட்டிக் கடையில் அக்காவுக்குப் பேச்சுக் குழறியது. ஒருவர் ரொட்டி கேட்க, அவள் என்னவோ சொல்ல, வேடிக்கை செய்கிறாள் என்று வரிசையில் சிரித்திருக்கிறார்கள். அடுத்து அவள் வலது கையிலிருந்த தட்டு சாய்ந்தது. அவளும் சாய்ந்தாள். மூளைக்குப் போகிற ரத்தத்தில் அடைப்பு என்றார்கள். பிழைத்து வந்தாள். காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறினாள். வலது கை மடியிலேயே கிடந்தது. பேச்சு வரவில்லை.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் ஆபரேட்டரையும் மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்: "வார்த்தையெல்லாம் எங்கேயும் போயிடல. உள்ளதான் இருக்கு. வெளியே வர்ற வழிதான் அடைச்சுக்கிச்சு. அவங்களே தேடி எடுக்கணும். எவ்வளவு நேரமானாலும் சரி, நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. இன்னொண்ணு, இப்போதைக்கு அவங்க தலையாட்டுறதையும் நம்பாதீங்க. ஆமாவுக்கு இல்லைன்னு ஆட்டுவாங்க, இல்லைக்கு ஆமான்னு ஆட்டுவாங்க."

ஆபரேட்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்தது வேறு. அக்கா உதட்டைக் குவித்து, "த... த..." என்று தொடங்குவாள். கழுத்து நரம்பு புடைக்கும். வாய் ஒரு பக்கம் கோணும். "தண்ணியா? இந்தா" என்று அவர் ஓடிப்போய்க் கொண்டுவருவார். அவள் கேட்டது தலையணையாக இருக்கும். ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிடுவாள். பார்க்க வருகிறவர்கள் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், அவள் "ந..." என்பதற்குள், "நல்லா இருக்கா, பசிக்குது, தூங்குறா" என்று அவரே எல்லாம் சொல்லி முடிப்பார். ஊமை மாதிரி இருந்த மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். என் அம்மாகூட, "பாவம், பொண்டாட்டி மேல எவ்வளவு பாசம் பாரு" என்றாள். பாசம்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்தவள். வகுப்பிலேயே ஒரே பெண். தீப்பொறி பட்டு முழங்கைவரை புள்ளிபுள்ளியாக இருக்கும். அதை மறைக்கமாட்டாள், காட்டிக்கொண்டு திரிவாள். துறைமுக ஊரில் கப்பல் கட்டும் தளத்தில் பயிற்சிக்கு அவளை எடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அக்கா ரொட்டிக் கடையில் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லி, "என் பொண்ணு கப்பல் ஒட்டப் போறா" என்று சிரித்தாளாம். அதற்குப் பிறகுதான் இந்த நோவு.

சேர வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் அக்காவுக்கு சூப் கொடுக்கப் போயிருந்தேன். ஆபரேட்டர் கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். மகள் கட்டிலோரம் மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"அம்மா, இனிமே தள்ளிப்போட முடியாது, பதில் சொல்லியாகணும். அப்பாகிட்ட கேட்டா எதுவும் சொல்லமாட்டேங்கிறாரு. நீ சொல்றதுதான் எனக்கு. நான் போகட்டுமா, இல்ல உன்கூட இருக்கட்டுமா?"

அக்கா அவளையே பார்த்தாள். உதடு குவிந்தது. "போ..." என்று வந்தது. அதோடு நின்றுவிட்டது. மறுபடியும் மூச்சை இழுத்து, "போ... போ..." என்றாள். இடது கை படுக்கை விரிப்பைக் கசக்கியது. முகம் சிவந்து, நெற்றியில் வியர்த்துவிட்டது.

"போகாதேன்னு சொல்றா" என்றார் ஆபரேட்டர்.

அக்கா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நம்பாதீர்கள் என்று சொல்லியிருந்தார்களே. அவள் கட்டிலை இடது கையால் அடித்தாள். கண்ணீர் வழிந்தது. மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"சரிம்மா, சரிம்மா. அழாதே. நான் எங்கேயும் போகல. இங்கேயேதான் இருக்கேன்."

தனக்குக் கிடைத்த இடம் வேண்டாம் என்று அன்று மாலையே எழுதிப் போட்டாள். ரொட்டிக் கடை முதலாளி நல்ல மனிதர். அம்மாவின் வேலையை மகளுக்குக் கொடுத்தார். தீப்பொறி பட்ட கைகளில் மாவு ஒட்டியது. அக்காபோல அவள் யாரிடமும் பேசுவதில்லை. ரொட்டியை எடுப்பாள், சுற்றுவாள், கொடுப்பாள். வரிசை சீக்கிரம் நகர்கிறது என்று சிலர் சொன்னார்கள். பழைய கடை மாதிரி இல்லை என்றார்கள் சிலர்.

வீட்டில் அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டுவாள், தலை வாரிவிடுவாள், கையை நீவிவிடுவாள். ஆனால் எங்கள் சுவர் வழியாக எனக்குக் கேட்டது வேறு. பாத்திரங்களை அவள் கீழே வைக்கிற சத்தம். ஒவ்வொன்றும் வேண்டியதைவிடக் கொஞ்சம் ஓங்கி விழும்.

நாளாக நாளாக அக்கா முயற்சி செய்வதையே விட்டுவிட்டாள். உதடு குவிவது நின்றது. வேண்டியதை இடது கையால் காட்டுவாள். காட்டுவதற்குள் ஆபரேட்டர் கொண்டுவந்திருப்பார். பயிற்சிக்குக் கூட்டிப்போனால் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவங்களுக்கே மனசு வரணும்" என்றார் அந்த அம்மா. வானொலி இருந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடுவது எங்களுக்குக் கேட்க ஆரம்பித்தது.

ஆபரேட்டர் இப்போது வேலை முடிந்த கையோடு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவதால், லைன்மேனுக்கு ஆட ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனே வந்துவிட்டான். "அக்காவுக்கும் பொழுது போகும்ணே" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு அடுக்கினான். நானும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது.

ஆட்டம் பாதியில் லைன்மேன் வழக்கம்போலக் குதிரையைத் தொட்டான். விட்டான். தாடையைத் தடவினான். யானையைப் பார்த்தான். மறுபடி குதிரையைத் தொட்டான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா பலகையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இறுகிக்கொண்டே போனது. திடீரென்று எம்பி, இடது கையால் பலகையை ஒரே வீச்சாக வீசித் தள்ளினாள். காய்கள் கட்டிலுக்கு அடியிலும் அடுப்படியிலுமாகச் சிதறின.

"என்ன ஆச்சு? தலை வலிக்குதா? சத்தம் பிடிக்கலையா? படுத்துக்கிறியா?" என்று பதறினார் ஆபரேட்டர்.

அக்கா அவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

லைன்மேன் தரையில் தவழ்ந்து காய்களைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னான். "அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. நான் அந்தக் குதிரையைத் தொட்டுட்டு எவ்வளவு நேரம் முழிச்சேன்? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா? என் கையைப் பிடிச்சு நீங்களே நகர்த்தி வச்சீங்களா? அக்கா அதைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க."

"அவ கஷ்டப்படுறாடா. அதைப் பார்த்துட்டு எப்படி இருக்கிறது?"

"நான் மட்டும் சுகமாவா யோசிக்கிறேன்? எனக்கும் மண்டை காயத்தான் செய்யுது."

லைன்மேன் போன பிறகும் ஆபரேட்டர் நெடுநேரம் அந்த முக்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அவரே காய்களை அடுக்கி, பலகையை அக்காவின் முன்னால் வைத்தார். அக்காவுக்கு செஸ் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். "மரக்கட்டையை முறைச்சுப் பார்க்கிறதுக்கு ரெண்டு பேரு" என்று கேலி செய்கிறவள். ஆனால் எத்தனையோ வருஷமாகச் சாப்பாட்டைக் கொண்டுபோய் பம்ப் அறையில் வைத்துவிட்டு, நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இடது கையால் ஒரு சிப்பாயை முன்னே தள்ளினாள்.

அன்றிலிருந்து தினமும் ஆட்டம். முதலில் யானையை மூலைவாட்டில் நகர்த்துவாள். சிப்பாயைப் பின்னால் இழுப்பாள். அவருக்குக் கை துறுதுறுக்கும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். நகர்த்திய பிறகு அவளே பலகையைப் பார்ப்பாள், முகம் சுளிப்பாள், திரும்பப் பழைய கட்டத்தில் வைப்பாள். அவள் ஒரு காயை எடுத்து வைப்பதற்குள் சமையலறையில் உலை கொதித்து வழிந்துவிடும். வழியட்டும் என்று இருப்பார். சில நாள் எழுந்துபோய் வாசலில் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வருவார். "மோட்டார்கூடப் பரவாயில்லை தம்பி, இது நெஞ்சை அடைக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அப்படி ஒரு நாள்தான் அந்த வார்த்தை வந்தது. அவள் ராணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் தன்னையறியாமல், "அங்க வச்சா..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"இரு" என்றாள் அக்கா.

சுத்தமாக, முழுசாக வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்காதவள்போல ராணியை வைத்தாள். வைத்த இடம் தப்பு. அந்த ஆட்டத்தில் அவள் தோற்றாள்.

அதன் பிறகு வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்தன. "குதிரை" என்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு மழைக்காலம் பிடித்தது. "கு..." என்பாள், நிற்கும், "கு...தி..." என்பாள், நிற்கும்; ஆபரேட்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விட்டுவிடமாட்டாள். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்குவாள். "என் முறை", "வேணாம்", "சூடு", "ஜன்னல்". சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். வார்த்தை முடிந்ததும் என் அம்மா "வந்துடுச்சு" என்று மெல்லச் சொல்வாள். பேச்சுப் பயிற்சி அம்மாவும் சந்தோஷப்பட்டார். "கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இன்னும் வேகமா வந்திருக்கும்" என்றும் சொன்னார். அதைக் கேட்டு ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு சாயங்காலம். மகள் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அக்கா காயைத் தொடவில்லை. பலகையைத் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"போ..." என்றாள்.

எந்தக் காயைச் சொல்கிறாள் என்று அவர் பலகையைப் பார்த்தார். பேசாமல் இருந்தார்.

"போ...யி..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போயி...ட்டு..." ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "போயிட்டு... வா... ன்னு."

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"சொன்... சொன்னேன். பொண்ணு...கிட்ட. அன்... அன்னைக்கு."

அதைச் சொல்லி முடித்துவிட்டு, வேலை முடிந்தவள்போலத் தலையணையில் சாய்ந்தாள். ஆபரேட்டர் பலகை முன்னால் இருந்தபடியே இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். இதெல்லாம் அவர் பிற்பாடு எனக்குச் சொன்னது. அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நானே அவகிட்ட சொல்லிடுறேன்" என்று எழுந்திருக்கிறார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. நா... நான்."

மகள் நனைந்து வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கப் போனவளை அக்கா கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டாள். அவள் வந்து உட்கார்ந்தாள். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, தப்பாக வந்ததைத் தலையாட்டி மறுத்து, மறுபடி தேடி எடுத்தாள். எதிரில் ஆபரேட்டர் நின்றிருந்தார். ஒரே வாக்கியத்தில் அவரால் சொல்லிவிட முடியும். சொல்லவில்லை. சொல்லி முடித்திருந்தால் அதோடு போயிருக்கும். அந்த நேரம் முழுக்க மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"நீ போகாதேன்னு சொல்லலையா?" என்றாள் மகள்.

"இல்ல."

"போகச் சொன்னியா?"

"ஆமா."

மகள் சிரித்தாள். சிரிப்பு மாதிரி தொடங்கியது, வேறு மாதிரி முடிந்தது. "நீதான் என்னை நிறுத்திட்டேன்னு நினைச்சேம்மா. தினமும் நினைச்சேன். உனக்குத் தலை வாரும்போதெல்லாம் நினைச்சேன்" என்று அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அக்காவின் இடது கை அவளுடைய ஈரத் தலையில் இருந்தது.

"நான்தான் கண்ணு" என்றார் ஆபரேட்டர். "அவ திணறுறதைப் பார்க்க முடியாம அவசரப்பட்டுட்டேன்."

மகள் நிமிர்ந்தாள். "அவசரமில்லப்பா. 'போ'ன்னு ஆரம்பிச்சா எத்தனை வார்த்தை இருக்கு. உங்களுக்கு நான் போகக்கூடாதுன்னு இருந்துச்சு. அதை நீங்களே உங்க வாயால சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். அம்மா வாயால சொல்லிட்டீங்க."

அவள் சொன்னது உண்மை என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கே தெரிந்ததாம். தனியாக அந்தக் கட்டிலோடு இருக்க வேண்டுமே என்று அன்று அவர் பயந்திருந்தார். அந்த பயம்தான் முந்திக்கொண்டு பேசியிருக்கிறது.

இத்தனை வருஷம் கழித்து மகள் கப்பல் தளத்துக்கு மறுபடி எழுதிப் பார்த்தாள். வயது வரம்பைத் தாண்டிவிட்டாள் என்று பதில் வந்தது. அவளோடு படித்த பையன்களில் ஒருவன் அங்கே இப்போது மேஸ்திரியாக இருக்கிறான் என்று கேள்வி. அவள் ரொட்டிக் கடையை விட்டுவிட்டு, ஊர் எல்லையில் ஜன்னல் கம்பிகளும் இரும்புக் கதவுகளும் செய்கிற பட்டறையில் சேர்ந்தாள். மறுபடி முழங்கை புள்ளிபுள்ளியாயிற்று. அம்மாவோடு நிறையப் பேசுகிறாள். அக்கா பதில் சொல்லத் தேடுகிற நேரத்தில் ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி காத்திருப்பாள். அப்பாவிடம் வேண்டியதைப் பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை வாங்கணும், சாவி இங்க இருக்கு. அதற்கு மேல் இல்லை. சண்டையும் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் அந்தப் பட்டறைக்கு ஒரு கதவு சொல்லப் போயிருந்தேன். ஆபரேட்டர் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே மகள் முகத்தை மறைக்கிற கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய கதவின் மூலையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நீல வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "கூப்பிடட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் அளவு சொல்லி, பேசி, முடித்து வருகிற வரைக்கும் அதே இடத்தில் வெயிலில் நின்றிருந்தார்.

அவள் அந்த மூலையை முடித்துவிட்டுக் கவசத்தை உயர்த்தினாள். அவரைப் பார்த்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

"கூப்பிடுறதுதானே? ஆறிப்போயிருக்கும்."

"வேலை நடக்குதேன்னு..."

தூக்கை வாங்கிப் பலகைமேல் வைத்தாள். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். "அப்பா" என்றாள். ஏதோ சொல்ல வந்தாள்.

அவர் காத்திருந்தார். முகத்தை நீட்டிக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் சரி என்பதுபோலக் காத்திருந்தார்.

அவள் கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த மூலைக்குக் குனிந்தாள்.